பூதம் புறப்பட்ட கிணறுகள்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நம்மவர் சொல்வதுண்டு. கூரையில் ஓர் ஓட்டை மாற்றப்போய் வீட்டையே இடித்துக் கட்ட நேர்ந்தவரைப் பார்த்து நாம் பாதி இரக்கத்தோடும் பாதிச் சிரிப்போடும் இம்முதுமொழியைச் சொல்லுகிறோம். ஆனால் இது சொல்லுக்குச் சொல் மெய்யாகிப்போன நாடு ஒன்று உண்டு. அது நமக்குத் தொலைவிலும் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கைகோத்துக் கடலில் இறங்கும் வங்காளதேசமே அது. அங்கே தோண்டப்பட்ட கிணறு ஒன்றல்ல, இலட்சக்கணக்கானவை. தோண்டியவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். குழந்தைகளின் உயிரைக் காக்க வேண்டும் என்ற தூய நோக்கத்தோடு வந்தவர்கள். அந்தக் கிணறுகளிலிருந்து புறப்பட்ட பூதத்தின் பெயர் ஆர்சனிக். நம் சித்த மருத்துவர்கள் பாடாண வகையில் சேர்த்து அஞ்சி அஞ்சிக் கையாண்ட பொருள்.

நீரியல் பாடம் நடத்துவது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஆயினும் நிலத்தடி நீரைப் பற்றிய இந்த ஆராய்ச்சி வரலாற்றைப் படிக்கும்தோறும், குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் கற்ற ஒரு கேள்வி புதிய கூர்மையோடு எழுகிறது. நல்லெண்ணத்தோடு செய்த உதவி நஞ்சாக முடிந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் எதுவரை ஒருவரைக் காக்கும்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வங்காளதேசத்துச் சிற்றூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே குடித்து வந்தனர். மாடு குளிப்பதும் அங்கேதான், துணி வெளுப்பதும் அங்கேதான். வெள்ளம் வந்தால் கழிவும் குளமும் ஒன்றாகும். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970இல் பெரும்புயல், 1971இல் விடுதலைப் போர், அகதிகள் கூட்டம் என்று துயரம் துயரத்தின் மேல் வந்து விழுந்த காலம். அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபும் சேர்ந்து, குளத்தை விட்டு மக்களை நிலத்தடி நீருக்குத் திருப்ப முயன்றன. அதற்குக் கருவி குழாய்க்கிணறு.

அந்த மண்ணில் குழாய் இறக்குவது நம் ஊர்க் கரும்பாறையில் துளையிடுவது போன்றதன்று. மூங்கில் சாரம் கட்டி, ஓர் ஆள் குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் நிற்க, மற்றவர்கள் குழாயை ஏற்றி இறக்க, மண்குழம்பு மேலே பீறிட்டு வர, ஒரே நாளில் கிணறு முடிந்துவிடும். இயந்திரம் வேண்டா, மின்சாரம் வேண்டா. மேலே ஓர் அடிபம்பைப் பொருத்தினால் போதும். வீட்டு வாசலிலேயே தெளிந்த, குளிர்ந்த நீர்! அரசு தொடங்கியதை மக்கள் தாமே தொடர்ந்தனர். பெரும்பாலான குழாய்கள் குடும்பங்கள் தம் கைப்பணத்தில் போட்டுக்கொண்டவையே. மகளுக்குச் சீராகக் கொடுக்கத்தக்க பொருள் என்னும் அளவுக்குக் குழாய்க்கிணறு குடும்பப் பெருமை ஆயிற்று. 1990களின் பிற்பகுதியில் நாட்டுப்புற மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குழாய்க்கிணற்று நீரையே குடித்தனர். அந்நாட்டில் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் 1960இல் ஆயிரத்துக்கு 247 என்றும், 1996இல் 112 என்றும் கணக்கிட்டுள்ளனர். தடுப்பூசிக்கும், டாக்காவில் உருவான உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் இதில் பெரும் பங்குண்டு. எனினும் குழாய்க்கிணறும் தன் பங்கைச் செய்தது என்றே அந்நாட்களில் அனைவரும் மகிழ்ந்தனர். உலகமே மெச்சிய வெற்றி அது.

நிலத்தின் அடியில் இருந்ததோ வேறு கதை. இமயமலையில் தேய்ந்த பாறைத் துகள்களை ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து வந்து இந்தச் சமவெளியில் பரப்பின. அத்துகள்களின் மேல் இரும்புத் துரு ஒரு மெல்லிய போர்வை போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துருவோடு சிறிதளவு ஆர்சனிக்கும் ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. ஆனால் அதே வண்டலில் செடிகொடிகள் மக்கிப் புதைந்துள்ளன. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கியவற்றை உண்ணும்போது, உயிர்வளிக்குப் பதிலாக இரும்புத் துருவைப் பயன்படுத்திக் கரைக்கின்றன. துரு கரைந்தால் அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. 1990களின் இறுதியில் அறிவியலார் முன்வைத்த விளக்கம் இது. பின்வந்த ஆய்வுகள் இதனையே வலுப்படுத்தின. எந்த ஆலையும் கழிவைக் கொட்டவில்லை, எவரும் நஞ்சிடவில்லை. அது படைப்பின் இயல்பான போக்கில், மனிதன் தொடாதவரை யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

அந்நீரின் கொடுமை அதன் இனிமையில் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில் வேறுபாடில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்றுவதால் நஞ்சின் செறிவு கூடவே செய்யும். உலக நலவாழ்வு நிறுவனம் 1993இல் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்காளதேசம் ஏற்றுக்கொண்ட அளவு 50. நம் கணக்கில் சொல்வதானால், இருபதாயிரம் லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் கரைந்திருந்தால் அதுவே அந்த 50. இரண்டு தண்ணீர் லாரிகள் நிறைய நீரில் ஒரு சிட்டிகை! இவ்வளவு சிறியது ஓர் ஆளை என்ன செய்யும் என்று தோன்றும். ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் நாள்தோறும் குடித்த பின், மழைத்துளி தெறித்தாற்போல மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். அதற்குப் பின் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய். அப்புள்ளிகளைத் தொழுநோய் என்று எண்ணி அயலார் விலகினர். கணவனால் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. மணமாகாமலே நின்றவர்களும் உண்டு. நீர் இறைப்பதும் சுமப்பதும் பெண்களின் வேலை. அந்நீரால் வந்த இழிவையும் பெரிதும் சுமந்தவர்கள் அவர்களே.

பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையைச் சொன்னால் மலைப்பு ஏற்படும். பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டு அரசுத் துறையுடன் சேர்ந்து 1998–99இல் நடத்திய நாடளாவிய ஆய்வில் 3,534 கிணறுகள் சோதிக்கப்பட்டன. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடைய கிணறுகளில் நூற்றுக்கு 27இல் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. அதற்கும் ஆழமான கிணறுகளில் நூற்றுக்கு ஒன்றில் மட்டுமே இருந்தது. நாட்டின் பன்னிரண்டரைக் கோடி மக்களுள் மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது இலட்சம் பேர் வரை இடருக்கு உள்ளாகியிருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் எழுதிய ஆய்வாளர்கள், ஒரு மக்கள் கூட்டம் நஞ்சுக்கு ஆளான நிகழ்ச்சிகளில் வரலாற்றிலேயே இதுவே பெரியது என்றனர். பின்னர் டாக்காவுக்கு அருகே அராய்ஹாஜார் பகுதியில் ஏறத்தாழ 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அம்மக்களிடையே நேர்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்கு நீரிலிருந்த ஆர்சனிக்கே காரணமென அது கணக்கிட்டது.

இனி நம் கேள்விக்கு வருவோம். யார் குற்றவாளி?

அறநெறி இறையியலில் அறியாமையைப் பல வகையாகப் பிரிப்பர். புனித தோமாஸ் அக்குவினாஸ் வகுத்த வழியில் வளர்ந்த பிரிவினை அது. எவ்வளவு முயன்றும் அறிய முடியாததை அறியாதிருத்தல் வெல்லவியலாத அறியாமை, அது குற்றமாகாது. முயன்றிருந்தால் அறிந்திருக்கக்கூடியதை அறியாதிருத்தல் வெல்லத்தக்க அறியாமை. அங்கே பொறுப்பு தொடங்குகிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அறிந்துவிட்டால் கடமை வந்து சேருமே என்று அஞ்சி, அறியாதிருப்பதையே பேணிக்கொள்ளுதல். இதை அறியாமை என்று சொல்வதே நம் பெருந்தன்மைதான்! மாணவனாக இருந்தபோது இவை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குரிய நுணுக்கங்கள் என்றே எண்ணியிருந்தேன். குழாய்க்கிணற்று வரலாற்றில் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காண்கிறேன்.

1970களில் கிணறு தோண்டியவர்களின் அறியாமை எவ்வகை? அக்காலத்து வழக்கமான நீர்ச் சோதனையில் ஆர்சனிக் இடம்பெறவில்லை என்று யுனிசெஃப் சொன்னது. அது மெய்யே. ஆனால் மெய்யின் மறுபாதியும் உண்டு. தைவானில் ஆழ்கிணற்று நீரைக் குடித்தவர்களின் கால்கள் கருகி அழுகியதும், அவர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்ததும் 1960களிலேயே ஆராய்ந்து எழுதப்பட்டுவிட்டன. அர்ஜென்டினாவும் சிலியும் ஆர்சனிக் கலந்த நீரால் பட்ட துன்பமும் பதிவாகியிருந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? மண்ணிலிருந்து ஊறும் தெளிந்த நீரே மனிதனை முடமாக்கும் என்பதை நம் பழைய சென்னை மாகாணமே அறிந்திருந்தது. அன்று அதைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், முதுகெலும்பு விறைத்துக் குனிய முடியாமல் போன உழவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், கிணற்று நீரிலிருந்த புளோரைடே காரணமென 1937இல் எழுதினர். ஆகவே குளத்து நீர் கெட்டது, நிலத்தடி நீர் தூயது என்ற எண்ணம் அறிவியல் முடிவு அன்று. அது கண்ணுக்குத் தெளிவாய்த் தெரிவதை நம்பிய பழக்கம். கிருமியை அஞ்சியவர்கள் கிருமியை மட்டுமே தேடினர்.

எனினும் அவர்களை நான் கடிந்துரைக்கத் துணியேன். கண்முன்னே குழந்தைகள் சாகும்போது, நிலத்தடியில் இருக்கக்கூடிய எல்லா நஞ்சையும் சோதித்த பிறகே குழாய் இறக்குவேன் என்று காத்திருப்பதும் ஒரு கொடுமைதானே? முதற் கிணறு மன்னிக்கத்தக்கது. என் நெஞ்சை உறுத்துவது பத்து இலட்சமாவது கிணறு. வேலை பெருகப் பெருகச் சோதனையும் பெருகியிருக்க வேண்டாவா? எண்ணிக்கையையே வெற்றியின் அளவுகோலாகக் கொண்ட எந்தப் பணியிலும் இந்த இடர் உண்டு. எத்தனை கிணறு என்று அறிக்கையில் கேட்கிறார்கள்; என்ன நீர் என்று கேட்பதில்லை. ஞானஸ்நானங்களை எண்ணி ஆண்டறிக்கை அனுப்பும் நாமும் இதைப் புரிந்துகொள்வோம்.

அடுத்து வருவது அறிந்தும் கேளாத காலம். 1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிலையத்தில் தோல் மருத்துவரான கே.சி. சாஹா, 24 பர்கானா மாவட்டத்திலிருந்து வந்த ஏழைகளின் உடலில் புள்ளிகளைக் கண்டு, இது குழாய்க்கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக்கின் விளைவு என்று கண்டறிந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களிடமும் பின்னர் அதே புள்ளிகள் காணப்பட்டன. 1988 முதல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று நீரையும், மக்களின் முடியையும் நகத்தையும் சேகரித்துச் சோதித்தார். 2018இல் இறக்கும் வரை அதுவே அவர் வாழ்வாயிற்று. இத்தனைக்கும் வங்காளதேசத்தில் அரசுத் துறை முதன்முதலாக ஒரு கிணற்றில் ஆர்சனிக்கை உறுதி செய்தது 1993இல், மேற்கு வங்கத்தை ஒட்டிய சபாய் நவாப்கஞ்சு மாவட்டத்தில். நாடு முழுவதற்குமான ஆய்வு தொடங்க மேலும் ஐந்தாண்டு. ஒரே ஆற்றுப்படுகை, ஒரே வண்டல், ஒரே மொழி. நடுவில் இருந்தது ஓர் எல்லைக்கோடு மட்டுமே. அக்கோட்டைக் கடக்க ஓர் உண்மைக்குப் பத்தாண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டிலும் குழாய்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. முதற் கிணறு தோண்டியவரின் அறியாமையைவிட இந்தத் தாமதமே பெருங்குற்றம் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு யாருடைய பெயரையும் எழுத முடியவில்லை. அதுவே அதன் பாதுகாப்பு.

பெயர் எழுத முயன்ற ஒரு வழக்கு உண்டு. அதைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன நாடளாவிய ஆய்வுக்கு முன்பே, அதே பிரித்தானிய நிலவியல் நிறுவனம் அந்நாட்டில் ஓர் ஆய்வு செய்திருந்தது. பாசனத் திட்டங்களுக்காக 150 கிணறுகளின் நீரைச் சோதித்து 1992இல் அறிக்கை அளித்தது. பல தனிமங்கள் அளக்கப்பட்டன, ஆர்சனிக் அளக்கப்படவில்லை. அந்த ஆய்வு நடந்த பகுதியில் வாழ்ந்து நோயுற்ற ஓர் ஏழை, நீங்கள் சோதித்திருந்தால் நான் பிழைத்திருப்பேனே என்று இலண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்றது. 2004இல் மேல்முறையீட்டு மன்றத்தில் மூவரில் இருவர் வேண்டா என்றனர். 2006இல் பிரபுக்கள் சபை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. ஆய்வாளர்களுக்கு அந்நாட்டுக் குடிநீரின்மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது அவர்களது பொறுப்பும் அன்று. அறிக்கை நீர் நல்லது என்று எங்கும் சொல்லவுமில்லை. ஆகவே கோடிக்கணக்கான மக்களுக்கு அவர்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைப் படித்துச் சினம் கொள்வது எளிது. நான் கொள்ளவில்லை. கேட்கப்படாததைத் தேடாமைக்கெல்லாம் ஆய்வாளன் உலகத்துக்கே ஈடு செலுத்த வேண்டுமென்றால், நாளை எவனும் ஏழை நாட்டுக்கு ஆய்வுக்கருவியோடு வரமாட்டான். சட்டம் எங்கேனும் ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோடு எந்தச் சொல்லைக் கொண்டு போடப்பட்டது என்பதில்தான் நமக்கு அக்கறை. அந்தச் சொல் நமக்கு மிகவும் பழக்கமானது: அயலான்.

ஆங்கிலச் சட்டத்தில் கவனக்குறைவுக்கான பொறுப்பு, 1932இல் பிரபுக்கள் சபை அளித்த ஒரு தீர்ப்பின்மேல் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண் இஞ்சிப்பானம் குடித்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரியாத கறுத்த புட்டி. பாதி குடித்த பின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவள் முறையீடு. பானத்தைச் செய்தவனுக்கும் அவளுக்கும் ஒப்பந்தம் ஏதும் கிடையாது. அவள் அதை வாங்கியவள்கூட அல்லள். அப்படியானால் அவன் அவளுக்கு என்ன கடமைப்பட்டவன்? அட்கின் பிரபு இதற்கு விடை தேடி லூக்கா நற்செய்திக்குப் போனார். அயலானை அன்பு செய் என்னும் கட்டளை சட்டத்துக்குள் வரும்போது அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்று சுருங்குகிறது. அயலான் யார் என்ற கேள்விக்கும் சட்டம் குறுகிய விடையே தரும் என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். என் செயலால் நேரடியாகவும் நெருக்கமாகவும் பாதிக்கப்படக்கூடியவன் என்று நான் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவனே என் அயலான். உலகெங்கும் எத்தனையோ எளியவருக்கு நீதி பெற்றுத் தந்த கோட்பாடு இது. நல்ல சமாரியர் உவமை ஒரு நாட்டின் சட்டநூலுக்குள் நுழைந்த அரிய நிகழ்ச்சி. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே அவை அதே கோட்பாட்டை வங்காளதேசத்துக் கிணற்றடியில் வைத்து அளந்தது. அந்த ஏழை அயலான் ஆவதற்குத் தேவையான நெருக்கம் இல்லை என்று கண்டது.

சட்டம் சுருக்கியதை நாம் மீண்டும் விரித்துப் பார்க்கலாம். உவமையில் அந்தச் சட்ட வல்லுநர் கேட்டது, என் அயலான் யார் என்று. இயேசு திருப்பிக் கேட்டது, அடிபட்டவனுக்கு யார் அயலானாக நடந்துகொண்டான் என்று. முன்னது எல்லைக்கோடு தேடும் கேள்வி. பின்னது எல்லையைத் தாண்டிப் போனவனைச் சுட்டும் கேள்வி. இவ்வளவும் நாம் மறையுரைகளில் கேட்டதே. ஆனால் மறையுரைகளில் அதிகம் பேசப்படாத ஓர் அடி அக்கதையின் இறுதியில் இருக்கிறது. காயத்தைக் கட்டியதோடும், கழுதையில் ஏற்றியதோடும், சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடும் சமாரியரின் வேலை முடியவில்லை. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறார். அவர் திரும்பி வருவார். தாம் செய்த உதவி என்ன ஆயிற்று என்று பார்க்க வருவார். கட்டிய காயம் சீழ் பிடித்திருந்தால் அதற்கும் அவரே பொறுப்பு ஏற்பார். எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருக்க வேண்டுமென்று கருணையிடம் யாரும் கேட்க முடியாது. திரும்பி வந்து பார்க்க வேண்டுமென்று கேட்கலாம்.

குழாய்க்கிணற்று வரலாற்றில் இல்லாமற்போனது அந்தத் திரும்பி வருதல்தான். கிணறு தோண்டியதும் கணக்கு முடிந்தது. அறிக்கை கொடுத்ததும் ஆய்வு முடிந்தது. தோல் வெடித்தவனைக் கண்டவர் வேறு, கிணறு தோண்டியவர் வேறு. இருவரும் சந்திக்க வழியில்லை.

நம் நாட்டிலும் இதன் சிறு வடிவங்கள் உண்டு. நான் பணியாற்றிய ஓர் உள்ளூர்ப் பங்கில், அறக்கட்டளை ஒன்று ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுத்தது. பெயர்ப்பலகை பளிங்கில் பொறித்து வந்திருந்தது. மந்திரித்து முடித்துத் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தேன். அப்போது கூட்டத்திலிருந்த ஒரு மூதாட்டி, “சாமி, இந்தத் தண்ணிய எங்கயாச்சும் குடுத்துப் பாத்தாச்சா? எங்க அம்மா ஊர்ல எல்லாருக்கும் பல்லு மஞ்சளாப் போச்சு” என்றார். வந்திருந்த அன்பர்கள் சங்கடத்தோடு சிரித்தனர்; சோதனைச் செலவு திட்டத்தில் இல்லையாம். நாங்களே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். புளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. துவைக்கவும் குளிக்கவும் ஆகும், குடிக்க ஆகாது என்று பலகைக்குக் கீழே எழுதி வைத்தோம். அந்த எழுத்து பளிங்கில் இல்லை.

உண்மை தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது, தெரியாதபோது என்ன செய்திருக்கலாம் என்பதைவிடக் கடினமானது. எல்லாக் கிணறுகளையும் மூடிவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா? மூடினால் மக்கள் மீண்டும் குளத்துக்குத்தான் போவார்கள், காலரா காத்திருக்கிறது. பத்தாண்டில் கொல்லும் நீருக்கும் பத்து நாளில் கொல்லும் நீருக்கும் நடுவே தாய் எதைத் தேர்வாள்? இது கற்பனைக் கேள்வியன்று. வாசற்கிணற்றை விட்டுத் தொலைநீரை நாடிய குடும்பங்களில், நீரைக் குடத்தில் நெடுநேரம் சேமித்து வைக்க நேர்ந்ததால் குழந்தைச் சாவு கூடியது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. இரண்டாம் முறை செய்யும் நன்மையும் முதல் நன்மையைப் போலவே கண்மூடித்தனமாக இருந்துவிடக் கூடாது.

இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. ஆற்று வண்டல் ஒரே சீராகப் படிவதில்லை. ஆகவே ஒரு வீட்டுக் குழாய் நஞ்சாக இருக்க, முப்பதடி தள்ளியிருக்கும் அடுத்த வீட்டுக் குழாய் நன்னீராக இருக்கும். புறத்தோற்றத்தில் வேறுபாடே இல்லை. 2003க்குள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கிணறுகள் சிறு சோதனைப் பெட்டிகளால் சோதிக்கப்பட்டு, நஞ்சுள்ளவற்றின் வாயில் சிவப்பு வண்ணமும் நல்லவற்றின் வாயில் பச்சை வண்ணமும் பூசப்பட்டன. சிவப்பு பெற்றவை பதினான்கு இலட்சம். செலவு மிகுந்த கருவி எதுவும் வேண்டாத தீர்வு அது: சிவப்புக் குழாய்க்காரர் பச்சைக் குழாய்க்காரரிடம் நீர் எடுத்துக்கொண்டால் போதும். அராய்ஹாஜார் பகுதியில், தம் நீரில் நஞ்சு என்று அறிந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வேறு கிணற்றுக்கு மாறினர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதெல்லாம் அந்தச் செய்தி மட்டுமே. மீதி நாற்பது பேர்? நாள்தோறும் அடுத்த வீட்டு முற்றத்தில் குடத்தோடு நிற்பது எவ்வளவு கூச்சம் தரும் என்பதை, தண்ணீர் கடன் கேட்டுப் பழகிய நம் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். பகையுள்ள வீடு, வேற்றுச் சமய வீடு, முக்காட்டோடு தாண்டக் கூடாத தெரு, தம் வீட்டுக் கைப்பிடி தேய்ந்துவிடும் என்று முகம் சுளிக்கும் மாமியார் எனத் தடைகள் எத்தனை! இலண்டன் பிரபுக்கள் தேடிய நெருக்கம் இங்கே முப்பதடியில் இருக்கிறது. அயலான் என்பது இங்கே உவமை அன்று.

ஆழ்கிணறுகள் நல்ல நீர் தருகின்றன என்று கண்ட பிறகு அரசு அவற்றை அமைக்கத் தொடங்கியது. அவையும் எங்கே இறங்கின? மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதை ஆராய்ந்தது. புதிய அரசுக் கிணறுகளில் பாதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களே இடம் சுட்டினர் என்றும், நஞ்சு மிகுந்த ஊர்களை விட்டுச் செல்வாக்குள்ளோர் வாசல்களில் பல கிணறுகள் இறங்கின என்றும் அது குற்றஞ்சாட்டியது. முதற் கிணறு தோண்டியவருக்கு நஞ்சைப் பற்றித் தெரியாது. இவர்களுக்குத் தெரியும், தெரிந்த பின்னும் தம் வீட்டு வாசலை மட்டுமே பார்த்தனர். மூன்றாம் வகை அறியாமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பாவ அறிக்கை மன்றாட்டில் செய்ததோடு செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லித்தான் மார்பில் தட்டிக்கொள்கிறோம். ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்யாமல் விட்டதற்கு யார் மார்பில் யார் தட்டுவது?

அறிவியல் தன் வேலையைப் பெருமளவு செய்துவிட்டது. நஞ்சு எப்படி இறங்குகிறது, எந்த ஆழத்தில் இல்லை, எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இன்று ஐயமின்றித் தெரியும். இரும்புத் துகளையும் மணலையும் கரியையும் அடுக்கி வீட்டிலேயே வடிகட்டும் முறையை உருவாக்கிய வங்காளதேசத்து வேதியியலாளர் அபுல் ஹுஸ்ஸாம் 2007இல் பத்து இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அதில் பெரும்பகுதியை வடிகட்டிகள் வழங்கவே கொடுத்துவிட்டார். இத்தகையோர் இருக்கின்றனர்.

இருந்தும் 2019இல் அந்நாட்டில் வீடு வீடாக நடந்த நீர்ச்சோதனையில், பத்தில் ஒருவருக்கு மேல் இன்னும் 50 மைக்ரோகிராமைத் தாண்டிய நீரையே குடிப்பது தெரிய வந்தது. ஐம்பது இலட்சம் கிணறுகளைச் சோதித்த அந்தப் பெரும்பணி 2003க்குப் பின் நெடுங்காலம் அந்த அளவில் மீண்டும் நடைபெறவில்லை. அதற்குப் பிறகு மக்கள் தாமே போட்டுக்கொண்ட புதிய குழாய்கள் எண்ணிலடங்கா; அவற்றில் மிகப் பலவற்றுக்கு நெடுங்காலம் சோதனையே நடக்கவில்லை, வண்ணமும் பூசப்படவில்லை. பழைய குழாய்களில் பூசிய வண்ணமோ சில ஆண்டுகளில் வெயிலிலும் மழையிலும் உரிந்துபோயிற்று. இன்று அந்தக் கைப்பிடியை அழுத்தித் தன் குடத்தை நிரப்பும் சிறுமி, வண்ணம் பூசப்பட்ட நாளில் பிறந்திருக்கவில்லை. துருவேறிய அந்தக் குழாய் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததா, பச்சையாக இருந்ததா என்று அவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.